பழைய கணிப்பொறியில் இயக்க முறைமையைப் புதிதாக நிறுவுதல்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த வீட்டுக் கணிப்பொறிகள் பெரும்பாலும் திடீரென்று நின்றுவிடுவதில்லை. பொத்தானை அழுத்தியபின் திரை தெளிவடைய முதலில் ஒரு நிமிஷம் ஆகிறது. சில மாதங்கள் கழித்து ஐந்து நிமிஷம் ஆகிறது. பின்னர் ஒருநாள் நீல நிறத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் தோன்றி, இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளுகிறது. பழுது பார்ப்போரிடம் எடுத்துச் சென்றால், "பார்மட் செய்து ஓ.எஸ். போட வேண்டும்" என்னும் விடை கிடைக்கிறது. அவ்விடை தவறு என்று கூற இயலாது. ஆயினும் அச்சொற்களின் பொருளை முற்றும் உணராமல் இசைவு தருவதால் நேரும் நஷ்டம், கணிப்பொறியின் விலையைக் காட்டிலும் பன்மடங்கு பெரிதாக இருத்தல் கூடும். ஆசிரியர் ஒருவர் எட்டு வருஷங்களாகத் தயாரித்து வைத்த வினாத்தாள்கள், விரிவாக்கப் பணியாளர் ஒருவர் ஊர் ஊராகச் சென்று சேகரித்த மண் பரிசோதனைக் குறிப்புக்கள் ஆகியவற்றை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. இயக்க முறைமையையோ எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் பெறலாம்.

ஆகவே, இவ்வேலையில் பெரும்பகுதி புதிய மென்பொருளை நிறுவுவதற்கு முன்னரே முடிந்துவிட வேண்டிய வேலையாகும். நிறுவுதல் என்பது அரை மணி முதல் இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறையத் தானாகவே நடந்தேறிவிடும்.

இயந்திரம் விழித்தெழும் முறை

மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் இயங்கத் தொடங்குவது ஹார்ட் டிஸ்க்கிலுள்ள விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையில் பொருத்தப்பட்ட சிறு சில்லு ஒன்றில் எழுதப்பட்டுள்ள நிரலே முதலில் இயங்குகிறது. பழைய இயந்திரங்களில் இதற்குப் பயாஸ் என்று பெயர். பின்னர் வந்து பரவிய வகைக்கு யூ.இ.எப்.ஐ. என்று பெயர். நினைவகம், விசைப்பலகை, டிஸ்க் ஆகியவை உரிய நிலையில் உள்ளனவா என்று இந்நிரல் சோதிக்கிறது. பின்னர், டிஸ்க்கிலுள்ள துவக்க நிரலைத் தேடி எடுத்து, அதனிடம் பொறுப்பை ஒப்புவிக்கிறது. துவக்க நிரல் இயக்க முறைமையை நினைவகத்திற்குள் கொணர்கிறது. அதன் பின்னரே நாம் அறிந்த திரை தோன்றுகிறது.

பயாஸ் முறையில், டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளே இந்தத் துவக்கத்திற்கு உரிய இடம். அவற்றிலும் 446 பைட்டுகள் மட்டுமே நிரலுக்கு உரியவை. அடுத்த 64 பைட்டுகளில், டிஸ்க் எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்னும் அட்டவணை இருக்கிறது. எஞ்சிய இரண்டு பைட்டுகள் முத்திரை போன்றவை. இத்துணைச் சிறிய இடத்தில் ஏற்படும் கோளாறு இயந்திரம் முழுவதையும் செயலற்றதாக்கிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் பல்லாயிரம் கோப்புக்களில் ஒன்றுகூடப் பழுதுபட்டிராது. "கணிப்பொறி துவங்கவில்லை" என்பதும் "கோப்புக்கள் அழிந்துவிட்டன" என்பதும் இருவேறு செய்திகள் என்பதை இதிலிருந்து உணரலாம்.

பார்மட் செய்யும்போது நிகழ்வது யாது?

ஒரு கிராமத்தின் நிலங்களுக்குப் பதிவேடு இருப்பதுபோல, டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பதிவேடு உண்டு. எந்தக் கோப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனை துண்டுகளாகக் கிடக்கிறது என்பனவற்றை அது குறிக்கிறது. விரைவு பார்மட் எனப்படும் முறையில், கோப்புக்கள் துடைத்தெறியப்படுவதில்லை. பழைய பதிவேட்டை நீக்கிவிட்டு வெற்றுப் பதிவேடு ஒன்று வைக்கப்படுகிறது. நிலங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு உரியவர் இன்னார் என்று சொல்ல எதுவும் இல்லை. அதன்பின் இயக்க முறைமையின் கோப்புக்கள் ஏறக்குறைய 20 கிகாபைட் அளவுக்கு அங்கே வந்து குடியேறுகின்றன. அவை அமர்ந்த இடத்தில் முன்பு இருந்தவை மீட்க முடியாதபடி மறைந்துபோகின்றன. மற்றவற்றை மீட்புக் கருவிகளால் ஓரளவு தேடி எடுக்கலாமெனினும், பெயரும் வரிசையும் இழந்த துண்டுகளாகவே பல கிடைக்கும்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் மின்னணு டிஸ்க்குகளில் இந்த வாய்ப்பும் மிகக் குறைவு. காலியாக்கப்பட்ட இடங்கள் எவையென்று இயக்க முறைமை டிஸ்க்குக்கு அறிவித்துவிடுகிறது. டிஸ்க் அவ்விடங்களைத் தானே உள்ளுக்குள் துடைத்து வைத்துக்கொள்ளுகிறது. வேகத்திற்காகச் செய்யப்பட்ட இவ்வேற்பாடு, தவறிழைத்தவருக்கு இரக்கம் காட்டுவதில்லை.

முதலில் நோயை அறிதல்

இயக்க முறைமையைப் புதிதாக நிறுவுவதால் தீரும் கோளாறுகள் சில உண்டு. பல ஆண்டுகளாகச் சேர்ந்துபோன தேவையற்ற மென்பொருள்கள், மின்தடையால் பாதியில் நின்ற புதுப்பிப்புக்கள், வைரஸ் நுழைந்து கெடுத்த கோப்புக்கள் ஆகியவை இவ்வகையின. தீராத கோளாறுகளும் உண்டு. இவ்விரண்டையும் பகுத்தறியாமல் செய்யும் உழைப்பு வீணாகும்.

தாய்ப்பலகையில் நாணயம் போன்று வட்டமாக ஒரு பாட்டரி இருக்கிறது. பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகளில் இது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் வகையைச் சேர்ந்தது. மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரம் ஓடுவது இதனால்தான். இது தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை துவங்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ்க் காலவரம்பைக் கணிப்பொறியின் தேதியுடன் ஒப்பிட்டே இணைய உலாவி அவற்றைத் திறக்கிறது. தேதி தவறினால் வங்கித் தளமும் திறவாது, அரசுத் தளமும் திறவாது. மலிவான ஒரு பாட்டரியை மாற்றினால் தீரக்கூடிய இந்தக் குறைக்காக டிஸ்க் முழுவதையும் பார்மட் செய்தவர்கள் உண்டு. அதன் பின்னும் குறை தீராதது கண்டு அவர்கள் வியப்பது இயல்பே.

ஹார்ட் டிஸ்க்கின் நிலையை அறிவது இதனினும் முக்கியமானது. டிஸ்க் தன்னைத்தானே கண்காணித்துக் குறிப்பெழுதும் ஸ்மார்ட் என்னும் ஏற்பாட்டைப் பெற்றுள்ளது. பழுதான இடங்களுக்குப் பதிலாக வேறிடங்கள் எத்தனை முறை ஒதுக்கப்பட்டன என்னும் எண் அக்குறிப்புக்களில் ஒன்று. இவ்வெண் பூச்சியத்திலிருந்து நகர்ந்து வாரத்திற்கு வாரம் உயருமாயின், அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் நிறுவலாகாது. டக், டக் என்னும் ஒலி கேட்குமாயின் சோதனையும் வேண்டியதில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கோப்புக்களை எவ்வாறு மீட்பது என்பதை மட்டுமே சிந்திக்க வேண்டும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் டிஸ்க் மேலும் கெடுகிறது.

டிஸ்க் பழுதின்றி, மெதுவாக மட்டும் இருந்தால், அதன் காரணம் பௌதிகத்தில் இருக்கிறது. நிமிஷத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒன்று ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளுகிறது. தேடும் இடம் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனை நகர்வதற்கான நேரம் தனி. ஆதலின், சிதறிக் கிடக்கும் இடங்களைத் தனித்தனியே படிக்க நேரும்போது, ஒரு விநாடிக்கு நூறு இடங்களைக்கூட அது எட்டுவதில்லை. சுழலும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. அதே நேரத்தில் ஆயிரக்கணக்கான இடங்களைப் படித்துவிடும். பழைய இயந்திரத்தில் பணம் செலவிடுவதென்றால் முதற்செலவு இதற்கே உரியது. இதில் மற்றொரு நன்மையும் உண்டு: புதிய டிஸ்க்கில் நிறுவினால், பழைய டிஸ்க் கோப்புக்களோடு அப்படியே தனியே இருக்கும்.

பிரதி எடுத்தல்

விண்டோஸ் துவங்கும் நிலையிலிருந்தால் கோப்புக்களை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுப்பது எளிது. துவங்காத நிலையிலும் வழி உண்டு. லினக்ஸ் தொகுப்புக்கள் பலவற்றை, டிஸ்க்கில் நிறுவாமலே, பென் டிரைவிலிருந்து நேராக இயக்கலாம். அவ்வாறு இயக்கும்போது பழைய டிஸ்க் வெறும் பெட்டகமாகத் திறந்துகொள்ளும். விண்டோஸ் முழுமையாக மூடப்படாமல் உறக்க நிலையில் நின்றிருந்தால், டிஸ்க்கைப் படிக்க மட்டுமே லினக்ஸ் அனுமதிக்கும், எழுத அனுமதிக்காது. பிரதி எடுப்பதற்கு அதுவே போதும்.

எவற்றைப் பிரதி எடுப்பது என்பதில்தான் மறதி நேர்கிறது. ஆவணங்கள், படங்கள் ஆகியவை நினைவில் இருக்கும். மேசைத்திரையில் வைத்தவை சி என்னும் பகுதியில்தான் இருக்கின்றன என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இணைய உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், மின்னஞ்சல் மென்பொருள் தன்னுள் வைத்திருக்கும் கடிதக் கோப்பு, கணக்கு மென்பொருள் தன் சொந்த அடைவில் எழுதி வைக்கும் தரவு ஆகியவை கண்ணில் படாத இடங்களில் கிடக்கின்றன. அந்தந்த மென்பொருளைத் திறந்து, அதன் தரவு எங்கே உள்ளது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் நன்று. டிஸ்க் பூட்டுக் குறியீட்டால் பாதுகாக்கப்பட்டிருந்தால், பிட்லாக்கர் மீட்புச் சாவியாகிய 48 இலக்க எண்ணையும் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இந்திய மொழிகளில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. யூனிகோடு முறை பரவுவதற்கு முன்னரும், பரவிய பின்னர் நெடுநாள் வரையிலும், தமிழில் பாமினி போன்ற எழுத்துருக்களும், 1999-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் முறை எழுத்துருக்களும், இந்தியில் கிருதி தேவ் எழுத்துருவும் வழங்கி வந்தன. பாமினி, கிருதி தேவ் போன்றவற்றில் கோப்பினுள் உண்மையில் பதிவாவது ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களே. அவற்றுக்குத் தமிழ் அல்லது நாகரி உருவம் அளிப்பது எழுத்துருக் கோப்பாகும். பார்மட் செய்தால் அவ்வெழுத்துருவும் போய்விடும். அதன் பின் வினாத்தாள் கோப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென எண்ணி அதை அழித்துவிடுவோரும் உளர். ஆகவே, எழுத்துருக்கள் உள்ள அடைவையும், தட்டச்சு மென்பொருளின் நிறுவல் கோப்பையும் முதற்கண் பிரதி எடுக்க வேண்டும். நேரம் இருப்பின், முக்கியமான கோப்புக்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுதல் நிரந்தரமான பரிகாரமாகும்.

100 கிகாபைட் அளவுள்ள கோப்புக்களைப் பழைய யூ.எஸ்.பி. 2.0 இணைப்பின் வழியே பிரதி எடுக்க, விநாடிக்கு 30 மெகாபைட் வீதம், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். சிறு சிறு கோப்புக்களாயின் இன்னும் அதிகமாகும். முடிந்தபின் பிரதியிலிருந்தே சில கோப்புக்களை, கூடுமானால் வேறொரு கணிப்பொறியில், திறந்து பார்க்க வேண்டும். திறந்து பாராத பிரதியைப் பிரதி என்று கருதலாகாது.

எதனை நிறுவுவது?

விண்டோஸ் எக்ஸ்பிக்கு வழங்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புக்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியும் முடிவுற்றன. விண்டோஸ் 10 உபயோகிக்கும் இல்லங்களுக்குத் தனி ஏற்பாட்டின்பேரில் மேலும் ஓராண்டு மட்டும் அளிக்கப்பட்டது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சாதனத்தையும் புதிய தலைமுறைச் செயலிகளையும் வேண்டுகிறது. 2012-ஐ ஒட்டி வாங்கிய கணிப்பொறி ஒன்று இந்நிபந்தனைகளை நிறைவு செய்வதில்லை. நிபந்தனைகளை ஏமாற்றி நிறுவும் வழிகள் பேசப்படுகின்றன. ஆனால் அவ்வாறு நிறுவிய இயந்திரத்திற்குப் பிற்காலப் புதுப்பிப்புக்கள் கிடைக்குமென்று உறுதி இல்லை. அலுவல் தரவு உள்ள இயந்திரத்தில் அதனைச் செய்தல் தகாது.

பழைய விண்டோஸையே மீண்டும் நிறுவுவதில் தவறில்லை, அந்த இயந்திரம் இணையத்தில் இணைக்கப்படாதவரை. பழைய அச்சுப்பொறி ஒன்றையோ பழைய கணக்கு மென்பொருள் ஒன்றையோ இயக்குவதற்கு அது போதும். விண்டோஸ் 7 காலத்து இயந்திரங்களில் உரிமச் சாவி பெட்டியின் மேல் ஒட்டப்பட்ட சீட்டில் இருக்கிறது. வெயிலிலும் கைபட்டும் எழுத்துக்கள் மங்கியிருக்கலாமாதலால் முன்னரே எழுதிக்கொள்ளுதல் நலம். விண்டோஸ் 8 முதல், தயாரிப்பாளர்கள் சாவியைத் தாய்ப்பலகையிலேயே பதித்துவிட்டனர். விண்டோஸ் 10 ஒருமுறை உரிமம் ஏற்கப்பட்ட இயந்திரத்தில், அதே பதிப்பை மீண்டும் நிறுவினால் சாவி கேட்காமலே ஏற்றுக்கொள்ளும். ஹோம் இருந்த இடத்தில் புரோ நிறுவினால் ஏற்காது.

இணையத்தோடு இயங்க வேண்டிய பழைய இயந்திரத்திற்கு லினக்ஸ் பெரும்பாலும் பொருத்தமானது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் லினக்ஸை இந்திய மொழிகளுக்கென உருவாக்கியது. கேரளத்தில் கைட் நிறுவனம் அமைத்த லினக்ஸ் தொகுப்பிலேயே அரசுப் பள்ளி மாணவர்கள் பாடம் கற்கின்றனர். லினக்ஸ் மின்ட் தொகுப்பின் எக்ஸ்.எப்.சி.இ. வகை, குறைந்த நினைவகமுள்ள இயந்திரங்களிலும் தாமதமின்றி நடக்கிறது. ஆனால் விண்டோஸுக்கென எழுதப்பட்ட கணக்கு மென்பொருளும், சில அலுவலகப் படிவங்களும் அதில் இயங்கமாட்டா என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும். நிறுவுமுன் பென் டிரைவிலிருந்து இரண்டு நாள் இயக்கிப் பார்த்து, வை-பையும் அச்சுப்பொறியும் ஒத்துழைக்கின்றனவா என்று சோதிப்பது விவேகம்.

32 பிட், 64 பிட் என்னும் வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். 32 பிட் முகவரியால் சுட்டக்கூடிய இடங்கள் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது 4 கிகாபைட் மட்டுமே. 64 பிட் செயலி உள்ள இயந்திரங்களிலும் 32 பிட் விண்டோஸ் நிறுவி விற்கப்பட்டதுண்டு. ஆகவே, பழைய விண்டோஸ் என்ன கூறுகிறது என்பதை விட்டு, செயலியின் பெயரைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32 பிட் கணிப்பொறிகளுக்கென நிறுவல் தொகுப்பை அளிக்கவில்லை.

நிறுவும் வேளையில்

நிறுவல் கோப்பை, அதனை வெளியிட்டவரின் தளத்திலிருந்தே பெற வேண்டும். லினக்ஸ் தொகுப்புக்களோடு 64 இலக்கங்கள் கொண்ட சரிபார்ப்பு எண் ஒன்று வெளியிடப்படுகிறது. இறக்கிய கோப்பிலிருந்து கணித்த எண் அதனோடு ஓரிலக்கம் மாறினாலும் கோப்பை உபயோகிக்கலாகாது. 8 கிகாபைட் பென் டிரைவ் சாதாரணமாகப் போதும். அதில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். கணிப்பொறியைத் துவக்கும்போது டெல் வகையில் எப் 12, எச்.பி. வகையில் எப் 9 விசையை அழுத்தினால், எதிலிருந்து துவங்குவது என்னும் பட்டியல் தோன்றும்.

அப்பட்டியலில் ஒரே பென் டிரைவ் இருமுறை காணப்படலாம். ஒன்றன் முன் யூ.இ.எப்.ஐ. என்று எழுதியிருக்கும். பழைய டிஸ்க் எம்.பி.ஆர். என்னும் பழைய அட்டவணை முறையில் இருக்கும்போது யூ.இ.எப்.ஐ. வழியில் துவங்கினால், இந்த டிஸ்க்கில் விண்டோஸை நிறுவ முடியாதென்று நிறுவல் மென்பொருள் மறுத்துவிடும். இவ்விடத்தில் பலர் பொறுமை இழந்து எல்லாப் பகுதிகளையும் நீக்கிவிடுகின்றனர். டி பகுதியில் பத்திரமாக இருந்தவையும் அதனோடு போய்விடுகின்றன. மறு துவக்கம் செய்து, அம்முன்னொட்டு இல்லாத வரியைத் தேர்ந்தாலே போதுமானது.

வேறொரு குழி இதனருகிலேயே இருக்கிறது. நிறுவல் மென்பொருள் காட்டும் பட்டியலில் சி, டி என்னும் எழுத்துக்கள் இரா. டிஸ்க் 0, பகுதி 1, பகுதி 2 என்றே இருக்கும். முதலில் உள்ள சிறு பகுதி துவக்கத்திற்கென விண்டோஸ் ஒதுக்கியதாதலால், பகுதி 2 என்பது டி அன்று. பெரும்பாலும் சி ஆகும். எனவே ஒவ்வொரு பகுதியின் அளவையும் முன்னரே காகிதத்தில் குறித்துக்கொண்டு, அளவைக் கொண்டே அடையாளம் காண வேண்டும். பிரதி எடுத்த வெளி டிஸ்க்கை இதற்கு முன்பே கழற்றி வேறு அறையில் வைத்துவிட வேண்டும். இணைந்திருந்தால் அதுவும் இப்பட்டியலில் ஒரு வரியாக நிற்கும். பார்மட் செய்யாமல் நிறுவினால் பழைய கோப்புக்கள் விண்டோஸ்.ஓல்டு என்னும் அடைவுக்கு மாற்றப்படுவதுண்டு. அது தற்செயலான உதவி, பிரதிக்கு ஈடாகாது.

மடிக்கணிப்பொறியாயினும் பழைய பாட்டரி பத்து நிமிஷங்கூடத் தாங்காது. மின்தடை வழக்கமாக நேரும் வேளையைத் தவிர்த்தோ, யூ.பி.எஸ். இணைத்தோ தொடங்குதல் வேண்டும்.

நிறுவிய பின்னர்

புதிய விண்டோஸ் முதன்முறை துவங்கும்போது இணைய இணைப்புச் சாதனத்தை அடையாளம் காணாதிருப்பது பழைய இயந்திரங்களில் உண்டு. அதற்குரிய டிரைவரை இறக்க இணையம் வேண்டும்; இணையம் வேண்டுமானால் டிரைவர் வேண்டும். ஆதலின், கணிப்பொறியின் மாதிரி எண்ணுக்குரிய டிரைவரை முன்னரே பென் டிரைவில் வைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டால் கைபேசியை யூ.எஸ்.பி. வழியே இணைத்து இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். அதன்பின் புதுப்பிப்புக்கள் யாவும் முடியும்வரை இயந்திரத்தை இயங்கவிட்டு, எழுத்துருக்களை முதலிலும் கோப்புக்களை அடுத்தும் திரும்ப இட வேண்டும். பழைய வினாத்தாள் ஒன்றையும் கணக்குக் கோப்பு ஒன்றையும் திறந்து, எழுத்துக்கள் உரிய உருவில் தெரிகின்றனவா, கூட்டுத்தொகை முன்போல் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய ஹார்ட் டிஸ்க் கழற்றப்பட்டிருந்தால், அதை உடனே துடைத்து வேறு காரியத்திற்கு உபயோகிக்கலாகாது. மறந்துபோன கோப்பு ஒன்று நினைவுக்கு வர இரண்டு மாதமும் ஆகலாம். பள்ளியாயின், அடுத்த பரீட்சை வரையிலும் ஆகலாம். ஈரம் படாத உறையில் இட்டு, கழற்றிய தேதியையும் உள்ளே இருப்பவற்றையும் மேலே எழுதி, அலமாரியில் வைத்திருக்க வேண்டும்.